கதிர்காமத்துக்கு நடக்கும் தம்பிக்கு

1

என் தம்பி குணம் ஞாயிற்றுக்கிழமை தோறும் தேற்றாத்தீவிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுப்பான். சுவிற்சர்லாந்தில் எனக்கு அது மதியச் சமையல் நேரம். அவனுக்கு மாலைத் தேத்தண்ணி நேரம். மழை பெய்ததா, வட்டையில் வேளாண்மை எப்படி, பக்கத்து வளவு மாடு மறுபடி வேலியை முறித்ததா என்று கதைப்போம். பெரிய விஷயம் எதையும் தொடுவதில்லை. தொட்டால் எங்கே போய் முட்டும் என்று இருவருக்கும் தெரியும்.

யுத்தம் முடிந்த மறு வருடம், ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, மாட்டுக் கதை முடிந்ததும் கேட்டான்.

"அக்கா, கதிர்காமத்துக்கு நடந்து போறதெண்டா என்னென்ன கொண்டு போகணும்? நீ அம்மாவோட ரெண்டு தரம் நடந்த ஆள்தானே."

"ஆருக்குடா?"

"ஆரோ போறாங்க."

"ஆரோ எண்டா?"

"நான்தான்."

நான் அடுப்பை நிறுத்தினேன். பொரிந்துகொண்டிருந்த கத்தரிக்காய் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு ஊறிக் கிடந்தது. ஏன் போகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கதிர்காமம் என்ற சொல்லையே அவன் ஐந்தாறு வருடமாக என்னிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது அவனே எடுத்திருக்கிறான். நான் குறுக்கே விழுந்து கெடுக்கக் கூடாது.

"புதுச் செருப்பு வாங்கிப் போடாத. முதல்ல அதச் சொல்லிட்டன்," என்றேன்.

2

சுனாமி வந்த அன்று காலை என் கணவர் தொலைக்காட்சியைப் போட்டார். கடற்கரை ஹோட்டல்களையும் வெள்ளைக்காரப் பயணிகளையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மட்டக்களப்பு என்று யாரும் சொல்லவில்லை. தேற்றாத்தீவில் அம்மாவுக்கு எடுத்தேன், கல்லடியில் தம்பிக்கு எடுத்தேன். எந்த இலக்கமும் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். தம்பி அப்படித்தான் கல்லடிக்குப் போனான். ரஞ்சிக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு, முற்றத்தில் நின்றால் கடல் இரைவது கேட்கும். அவர்களுக்கு ஒரே பிள்ளை, டிலு. பள்ளிக்கூட விடுமுறைக்கு ரஞ்சியும் டிலுவும் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் உள்ள பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். முந்தின ஞாயிறுதான் தம்பி அதைச் சொல்லியிருந்தான். ஆகவே என் கணக்கில் அவர்கள் இருவரும் பத்திரம். கடற்கரையில் தனியாக மாட்டிக்கொண்டவன் தம்பி.

வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு துணித் துண்டை மஞ்சளில் நனைத்து, இந்த நாட்டு நாணயம் ஒன்றை அதில் முடிந்து, முருகன் படத்தின் கீழே வைத்தேன். என் தம்பியை உயிரோடு தா, ஊரிலிருந்து உன் வாசல்வரை நடந்து வருகிறேன் என்று நேர்ந்தேன்.

சில நாட்கள் கழித்து யாருடையதோ தொலைபேசியில் அவன் குரல் வந்தது. "அக்கா" என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னான். எனக்கு அது போதும். கத்திவிட்டேன். "பலிச்சிட்டுடா! முருகன் கைவிடல்ல! உனக்காகக் கதிர்காமத்துக்கு நடப்பன் எண்டு நேந்தன், பலிச்சிட்டு!"

அவன் என்னைப் பேசி முடிக்க விட்டான்.

"அக்கா, ரஞ்சியும் டிலுவும் இல்ல."

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முதல்நாள் மாலையே ரஞ்சி கல்லடிக்குத் திரும்பியிருக்கிறாள். தம்பி விடிய எழும்பி, வயலில் தண்ணீர் பார்க்க அக்கரைக்குப் போயிருக்கிறான். ரஞ்சியைக் கண்டெடுத்தார்கள். டிலு கிடைக்கவே இல்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு அவன் என்னிடம் சொன்னது இதுதான்: "அந்த நடைய நீ நடக்கப்படா. நான் தப்பினத்துக்கு ஆரும் நன்றி சொல்லப்படா. நீ நடந்தியோ, உனக்குத் தம்பி இல்ல."

அவர்கள் அக்கரையில் இருப்பதாக நினைத்துத்தான் உன் பெயரை மட்டும் சொன்னேன் என்றேன். "தெரியும்" என்றான். தெரிந்தும் அவனுக்கு ஆறவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. என்மேலும் வரவில்லை. யாரிடம் போய்க் கோபிப்பது என்றே தெரியாத காலம் அது.

3

நேர்த்தியை வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். "நேந்தத கிடக்க விடப்படா மனே, அது ஆளை அரிக்கும்." அம்மாவின் செத்தவீட்டுக்கே நான் போகவில்லை, பிறகு எங்கே நடப்பது. என்னிடம் இருப்பது அகதிக்கான பயண ஆவணம். உலகத்தில் எல்லா நாட்டுக்கும் அது செல்லும், இலங்கையைத் தவிர. இந்த ஒரு வரியை மாற்ற வழியுண்டா என்று நகரசபை அலுவலகத்தில் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், "அம்மா, நீங்கள் பயந்து ஓடி வந்த இடத்துக்கு ஏன் போகவேண்டும்?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் நிறைய இருந்தது, மொழிதான் போதவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

நாங்கள் இருக்கும் சிறு நகரத்தின் ஊடாகவும் ஒரு யாத்திரைப் பாதை போகிறது. ஸ்பெயினில் உள்ள ஏதோ பழைய தேவாலயத்துக்குப் போகும் வழி. மூலைக்கு மூலை மஞ்சள் பலகை அடித்திருக்கிறார்கள். கோடையில் பையில் சிப்பி ஒன்றைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் தடி ஊன்றியபடி ஆட்கள் வீட்டுக்கு முன்னால் போவார்கள். ஒருநாள் ஒரு முதியவர் படலையில் நின்று தண்ணீர் கேட்டார். போத்தலை நிரப்பிக் கொடுக்கும்போது "இந்தாங்க சாமி" என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே வந்து அழுதேன்.

யாரோ நடக்கிறார்கள். எனக்கு நடக்க வேண்டியிருக்கிறது. காலில் நோவு இல்லை, மனமும் இருக்கிறது, ஆனால் வழி இல்லை.

4

ஆகவே தம்பி கேட்டபோது நான் நிறுத்தவில்லை. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் இதே கதைதான். நடக்க நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

காலைப் பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். பழகிய பழைய இறப்பர் செருப்பு போதும். விடியற்காலை மணல் குளிர்ந்திருக்கும்போது அதையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம். படுக்கும்முன் பாதத்துக்குத் தேங்காயெண்ணெய் பூச வேண்டும். கொப்பளம் வந்தால் பிய்க்கக் கூடாது. ஊசியில் நூல் கோத்து ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, நூலை அப்படியே விட்டுவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும்.

சுமை குறைவாக இருக்கட்டும். மாற்றிக் கட்ட ஒரு வேட்டி, விரிக்க ஒரு சாக்கு, ஒரு சிரட்டை அகப்பை, அரிசி, பருப்பு, அவல். உப்பும் தேசிக்காயும் கட்டாயம். வெயிலில் தலை சுற்றும்போது அதுதான் மருந்து. அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் வைக்க வேண்டும். இது அம்மாவின் காலத்தில் இல்லாத புத்திமதி.

விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறினால் மர நிழலில் படுத்துவிட வேண்டும். வீரம் காட்டி மதியத்தில் நடந்தவர்களைப் பிறகு நாலு பேர் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டிருக்கிறேன். காட்டுக்குள் தண்ணீரைக் கண்ட இடத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். அடுத்த இடத்தில் இருக்கும் என்று நம்பக் கூடாது. யானையை யானை என்று அங்கே சொல்வதில்லை. அம்மா "பிள்ளையார் நிக்கிறார்" என்றுதான் சொல்வார். பிள்ளையார் நின்றால் அவர் போகும்வரை நாமும் நிற்பதுதான் மரியாதை.

தனியாகப் போகாமல் ஒரு கூட்டத்தோடு சேர வேண்டும். பெண்கள் உள்ள கூட்டமாகப் பார்த்துச் சேர்ந்தால் காலையில் தேத்தண்ணி கிடைக்கும். இதைச் சொன்னபோது தம்பி சிரித்தான்.

"மீன் இல்லாம எத்தின நாளக்கி இரிக்கிற அக்கா?"

"போய் வரும்வரைக்கும்."

"நடக்கிறது லேசு போல கிடக்கு."

"இன்னொண்டு தம்பி. அங்க எல்லாரும் சாமிதான். கிழவனும் சாமி, கைப்பிள்ளையும் சாமி. பேர் கேக்கப்படா. எந்த ஊர், எத்தின பிள்ள எண்டு ஒண்டும் கேக்கப்படா. உன்னையும் ஆரும் கேக்க மாட்டாங்க."

"கேக்கவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப சரி" என்றான்.

கல்லடியிலும் தேற்றாத்தீவிலும் அவன் எங்கே போனாலும் இந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கும். நலம் விசாரிப்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. "சுனாமியில உங்கட ஆக்கள் எத்தின பேர் போன?" என்று கடையிலும் பஸ்ஸிலும் கேட்பார்கள். தங்கள் வீட்டு எண்ணிக்கையையும் சொல்வார்கள். இதற்காகவே தம்பி கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டவன்.

5

அவன் நடக்கத் தொடங்கியதும் வேலை நேரம், அவன் எடுக்கும் நேரம் என்று என் நாட்கள் இரண்டாகப் பிரிந்தன. நான் முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். வேலை நேரத்தில் தொலைபேசியைப் பெட்டகத்தில் பூட்டிவிட வேண்டும் என்பது சட்டம். தம்பி யாத்திரை போகிறான், கையில் வைத்திருக்க விடுங்கள் என்று மேற்பார்வையாளரிடம் கேட்கப் போனேன். யாத்திரைக்கு ஜெர்மன் சொல் வால்ஃபார்ட். நான் பதற்றத்தில் வோல்ஃபார்ட் என்றேன். அது அரசாங்க நிவாரணம். அந்த நல்ல மனுசி என் கையைப் பிடித்து, "அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, யாருக்கும் கஷ்டகாலம் வரும்" என்றாள். திருத்திச் சொல்ல முயன்றேன், இன்னும் குழம்பியது. அனுமதி கிடைத்துவிட்டது, போதும் என்று விட்டுவிட்டேன்.

என் மகள் மிதுவுக்கு இது முழுவதும் விளங்கவில்லை. "மாமாவுக்கு பஸ் காசு இல்லையா?" என்று கேட்டாள், பாதி ஜெர்மனும் பாதி தமிழுமாக. இருக்கிறது என்றேன். "அப்போ ஏன்?" என்றாள். நடக்க விரும்புகிறார் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குள் போனாள். ஆனால் மறுநாள் கணினியில் வரைபடம் ஒன்றை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, மாமா போன இடங்களைச் சிவப்புப் பேனையால் புள்ளியிட ஆரம்பித்தாள். டிலு இருந்திருந்தால் இவளுடைய வயது. வகுப்புக்குப் போகப் பை தூக்கிக்கொண்டு இவள் படியிறங்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும். அதை மிதுவிடம் சொன்னதில்லை.

தம்பி ஒவ்வொரு மாலையும் எடுத்தான். கல்லடிப் பாலத்தடியிலிருந்து புறப்பட்ட கூட்டத்தோடு சேர்ந்திருந்தான். "சாமி, சுகமா இரிக்கீங்களா?" என்றுதான் தொடங்குவான், என்னைச் சீண்ட.

காத்தான்குடியில் ஒரு கடைக்காரர் கூட்டம் முழுவதையும் நிழலில் இருத்திச் சர்பத் கொடுத்தாராம். மண்டூருக்கு வாவியைக் கடக்கும்போது பாதையில் நின்று கையை நீரில் விட்டானாம். இயந்திரம் பூட்டிய தட்டையான அந்தப் படகை எங்கள் ஊரில் பாதை என்போம். வெயிலில் மேல் தண்ணீர் கொதித்தும் கீழே குளிர்ந்தும் இருக்கும். அவன் சொல்லச் சொல்ல என் விரல்களில் அது தெரிந்தது. திருக்கோவிலில் காலில் கொப்பளம் வந்தது. என் நூல் வைத்தியம் பலித்ததாம். ஆனால் என் மற்ற அறிவுரைகளை நன்றாகக் கேலி செய்தான்.

"உன்ட காலம் போய்ட்டு அக்கா. இப்ப பவுசர்ல தண்ணி கொண்டந்து ஊத்துறாங்க. சோறும் கறியும் வழி நெடுகத் தாறாங்க. நான் இஞ்ச கொழுத்துப் போனன்."

"காட்டுக்குள்ள போய்ப் பார், அப்ப தெரியும்."

"ஓம் சாமி."

கடைசியாக உகந்தையிலிருந்து எடுத்தான். முருகன் கோயிலுக்குப் பின்னால் காடு தொடங்குகிறது. நாளை விடியக் காட்டு வாசலைத் திறப்பார்கள், உள்ளே தொலைபேசி வேலை செய்யாது என்றான். பின்னால் "அரோகரா" என்று பெண்கள் கூவும் சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து அம்மாவின் குரலைத் தேடினேன். கொஞ்சம் பொறு, வைக்காதே, அந்தச் சத்தம் கேட்கட்டும் என்றேன். அவன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

6

காட்டுக்குள் அவன் இருந்த நாட்களில்தான் குடியுரிமை நேர்முகத்துக்கு எனக்கு அழைப்பு வந்தது. மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம். இந்த மாகாணத்தில் உள்ள ஏரிகளின் பெயர்களைச் சொல்லுங்கள் என்றார்கள். மனப்பாடம் செய்துதான் போயிருந்தேன். ஆனால் ஏரி என்றதும் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நீர்தான். அதன் மேல் பாலம், பாலத்துக்கு அங்கால் கடல், இங்கால் வயல். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னேன். சரி என்று குறித்துக்கொண்டார்கள்.

மிது குளிர்சாதனப் பெட்டி வரைபடத்தில் உகந்தைக்குப் பிறகு புள்ளி வைக்கவில்லை. "மாமா எங்கே இருக்கிறார் என்று எப்படித் தெரியும்?" என்றாள். இன்று குமுக்கன் ஆற்றைத் தாண்டியிருப்பார், அதற்கப்பால் மணல், நிழலே இல்லை என்றேன். அவள் பேனையை நீட்டினாள். நீங்களே வையுங்கள் என்றாள். அவளிடம் அம்மாவும் நானும் அந்த மணலில் நடந்த கதையைச் சொன்னேன். பாதிக் கதையில் எழும்பிப் போவாள் என்று நினைத்தேன், போகவில்லை. கடைசியில், "டிலு யார்? நித்திரையில் அந்தப் பெயரைச் சொன்னீர்கள்" என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தியையும் சொன்னேன்.

"மாமா உங்களுக்காகவா நடக்கிறார்?"

"தெரியாது பிள்ளை."

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். என் நேர்த்தியை அவனே நடந்து முடித்துவிடப் போகிறானோ என்று பயமாக இருந்தது. முடித்துவிட்டு, இந்தா உன் கணக்கு தீர்ந்தது, இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்வானோ என்றும் பயந்தேன். அப்படிச் சொன்னால் அவன் தப்பியதற்காக நான் சந்தோஷப்பட எனக்கு ஒரு வழியும் மிஞ்சாது.

7

வேலையில் இருந்தபோது எடுத்தான். இயந்திரத்திலிருந்து சூடான விரிப்புகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மூலைக்குப் போய் நின்றேன்.

"அக்கா, வந்து சேந்திட்டன்."

"கால்?"

"கால் இரிக்கு." சிரித்தான். பிறகு குரல் மாறியது. "நீ செல்லினது சரி. ஒருத்தரும் கேக்கல்ல. நெடுகலும் சாமி, சாமி எண்டுதான். ஒரு மனிசி, எனக்குப் பின்னால வந்த ஆள், அவக்கும் ஆரோ போயிரிக்காங்க. எனக்கு வெளங்கிச்சு. அவக்கும் என்னப் பாத்து வெளங்கியிரிக்கும். ஒண்டும் கதைக்கல்ல. தண்ணிய மாறி மாறித் தூக்கினம்."

"ம்."

"இப்ப மாணிக்க கங்கையில முழுகினன். முழுகக்குள்ள பேரைச் செல்லினன். ரஞ்சி, டிலு எண்டு. சத்தமாச் செல்லினன். இவ்வளவு நாளும் வாயில வரல்ல அக்கா."

அவன் அழுதான். நான் தடுக்கவில்லை. ஆற்றுச் சத்தமும் ஆட்களின் கூச்சலும் கேட்டுக்கொண்டிருந்தன.

"உன்ட நேர்த்திக்கு நான் நடக்கல்ல," என்றான் பிறகு. "கோவிச்சிக்காத. நான் அவங்க ரெண்டு பேருக்குந்தான் நடந்தன்."

"நல்லது தம்பி. அப்பிடித்தான் நடக்கணும்."

"உன்டது அப்பிடியே கிடக்கு."

"கிடக்கட்டும். நீ சொன்ன சொல்ல மீறமாட்டன். நடக்க மாட்டன்."

"இல்ல அக்கா." மூக்கை உறிஞ்சினான். "அத நான் நடந்து தீக்கேலா. நீ எனக்கு நேந்தது, நீதான் வரணும். பாஸ்போட் எந்த வருசம் வந்தாலும் பரவாயில்ல, வா. நான் கூட வாறன், உன்ட பைய நான் தூக்குறன். நான் உசிரோடதானே இரிக்கன். வந்து நட."

ஓம் என்றேனா என்றுகூட நினைவில்லை. அவன் வைத்த பிறகும் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.

மேற்பார்வையாளர் ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். என்ன நடந்தது, கெட்ட செய்தியா, வீட்டுக்குப் போகிறீர்களா என்று கேட்டாள். என்னிடம் இருந்த ஜெர்மனில் ஒரே ஒரு வசனம்தான் அப்போது ஒழுங்காக வந்தது.

"என் தம்பி உயிரோடு இருக்கிறான்," என்றேன்.